அம்மா ஓட்டுப் போடக் கொண்டுபோகும் பை

ஓட்டுப் போடப் போகும்போது அம்மா வாக்காளர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனதே இல்லை. ஒரு மஞ்சள் பையை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவாள். தென்காசியில் எப்போதோ சேலை எடுத்தபோது ஜவுளிக்கடையில் கொடுத்த பை, கடைப் பெயரெல்லாம் அழிந்துவிட்டது. உள்ளே 1976 குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, குடியிருப்புக்குச் சான்றாக அப்பாவுக்குக் கிடைத்த போட்டோ பாஸ் இருக்கும். மூன்று தலைமுறை ரேஷன் கார்டுகள், ரப்பர் பேண்டு போட்ட கரண்ட் பில் கட்டு, 1995 வாக்காளர் பட்டியலில் அப்பா பெயர் இருக்கிற பக்கத்தின் நகல் எல்லாம் இருக்கும். "ஒரு கார்டு போதும்மா" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "கேட்டுட்டான்னா என்னலே செய்வ?" என்பாள்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில். 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. 2015-இல் கல்யாணத்துக்குப் பிறகு கல்வாவுக்குக் குடிபோனேன். அம்மா மட்டும் அந்தக் கோலியை, அதாவது ஒற்றை அறை வீட்டை விட்டு வரவில்லை.

ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் ஆபீசில் யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். மும்பை முழுக்க ஒரு பக்கம் போனால் தாராவி மட்டும் ஏன் வேறு பக்கம் போகிறது? முதன்முதலாக இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது 2014 அக்டோபரில். அந்த வருடம் எல்லாக் கட்சியும் தனித்தனியாக நின்றது. மும்பையின் 36 சட்டமன்றத் தொகுதிகளில் பாஜக 15, சிவசேனா 14. காங்கிரசுக்கு மிஞ்சியது ஐந்துதான், அதில் ஒன்று தாராவி. 2024 நவம்பரிலும் காங்கிரசுக்கு மூன்றே இடம்: மும்பாதேவி, மலாட் மேற்கு, மறுபடியும் தாராவி. கேட்கிறவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். "அங்கே தலித், முஸ்லிம், உங்க தமிழ் ஆளுங்க. கூட்டிப் பாரு, கணக்கு சரியா வரும்."

அந்தக் கணக்கு எனக்குச் சரியாக வரவில்லை. காரணம், என் சித்தப்பா வீடு சயான் கோலிவாடாவில் இருக்கிறது.

சயான் ஸ்டேஷனுக்கு மேற்கே தாராவி, கிழக்கே சயான் கோலிவாடா தொகுதி. நடுவில் சென்ட்ரல் லைன் தண்டவாளம் மட்டும்தான். அந்தப் பக்கமும் தமிழர்கள்தான், எங்கள் ஊர்க்காரர்களே நிறைய. அங்கே 2014, 2019, 2024 என்று மூன்று தேர்தலிலும் ஜெயித்தவர் பாஜகவின் கேப்டன் தமிழ்ச்செல்வன். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து சி.எஸ்.டி. ஸ்டேஷனில் பார்சல் வேலையில் இருந்தவர். 2008 நவம்பர் 26 தாக்குதல் இரவில் அடிபட்டவர்களைச் சாமான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். அதே மொழி, அதே கோயில் கொடை, பங்குனி உத்திரத்துக்கு ஒரே ரயிலில் ஊருக்குப் போகிற ஆட்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தாமரை, இந்தப் பக்கம் கை. மொழியும் சாதியும் மட்டுமே ஓட்டைத் தீர்மானிக்கும் என்றால் இதற்கு என்ன விளக்கம்?

எனக்குப் பிடிபட்ட விளக்கம் அந்த மஞ்சள் பையில்தான் இருக்கிறது.

1999 தேர்தலில் எனக்கு 13 வயது. வாக்குச்சாவடிக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, பட்டியலில் பெயரைத் தேடி, வரிசை எண் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். பட்டியல் மராத்தியில் இருக்கும். எங்கள் சந்தில் மராத்தியும் தமிழும் இரண்டும் வாசிக்கத் தெரிந்த பையன் நான்தான் என்று அந்த மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை. மதியம் ஒரு வடா பாவ், நடுநடுவே கட்டிங் சாய்.

அந்தப் பட்டியலில் எங்கள் ஆட்களைக் கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. இசக்கியம்மாள் "இஸ்கி அமல்" ஆகியிருப்பாள். சுடலைமுத்து "சூடலாய் முதூ". நமக்கு ஆட்னாவ், அதாவது குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அதனால் ஒருவருக்கு அப்பா பெயர், அவர் தம்பிக்குச் சாதிப் பெயர், தங்கைக்கு ஊர்ப் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று ஆட்னாவ் இருக்கும். வயதையும் புருஷன் பெயரையும் வைத்து ஊகித்துத்தான் சீட்டு எழுத வேண்டும்.

அன்றைக்கு மேசைக்கு வந்தவர்களில் யாருக்குப் போடலாம் என்று என் காதில் விழ யாரும் பேசவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம் பேரு இருக்கால?" இருக்கிறது என்றால் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இல்லை என்றால் அந்த இடத்திலேயே நிற்பார்கள். ஒரு பாட்டி, பக்கத்துச் சந்துக்காரர், மூன்று தடவை திரும்பி வந்து மறுபடி தேடச் சொன்னார். மூன்றாவது தடவை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுப் போட முடியாததற்கு இவ்வளவு வருத்தமா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பின்னாளில்தான் புரிந்தது. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீட்டுக்குத் தகுதி 1995 ஜனவரி 1-ஆம் தேதி வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் பார்க்கப்பட்டது. அதற்கு முன்பும் 1976, 1980, 1985 என்று ஒவ்வொரு அரசும் ஒரு தேதி வைத்தது. பிறகு 2000 ஜனவரி 1 என்று ஆனது. தேதிக்கு முன்னால் இருந்ததாக நிரூபித்தால் நீ இந்த ஊர்க்காரன். முடியாவிட்டால் 30 வருடம் இருந்திருந்தாலும் வந்தேறி. கட்டட வீட்டில் இருக்கிறவனுக்கு வாக்காளர் பட்டியல் ஓட்டுக்கு மட்டும். எங்களுக்கு அது பத்திரம்.

இப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்? வீட்டைப் பார்த்துத்தான். தாராவி எப்போதும் காங்கிரஸ் என்று சொல்கிறவர்கள் 1995-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்தத் தேர்தலில் தாராவியில் ஜெயித்தது சிவசேனாவின் பாபுராவ் மானே. 1992-93 மதக் கலவரம் முடிந்து இரண்டே வருடம். தாராவி எரிந்ததை ஆறேழு வயதுப் பையனாக நானே பார்த்திருக்கிறேன். அப்படியும் சேனா ஜெயித்தது. அதற்குப் பல காரணம் இருக்கலாம். எங்கள் சந்தில் பெரியவர்கள் சொல்லும் காரணம், 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்று சேனாவும் பாஜகவும் அந்தத் தேர்தலில் கொடுத்த வாக்குறுதி. வீடு வரவில்லை, 1999-இல் காங்கிரசின் ஏக்நாத் கெய்க்வாட் திரும்ப வந்தார். 2004-இல் அவர் மக்களவைக்குப் போய் சேனாவின் முன்னாள் முதல்வர் மனோகர் ஜோஷியையே தோற்கடித்தார். அதே வருடம் சட்டமன்றத்துக்கு அவர் மகள் வர்ஷா. 2024-இல் வர்ஷா மக்களவைக்குப் போனதும் தங்கை ஜோதி. ஒரே குடும்பமா என்று ஆபீசில் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அது உவப்பானதல்ல. ஆனால் தகுதிப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருப்பதை எங்கள் சந்துக்காரர்கள் பெரிய விஷயமாக நினைத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1968-இல் 18 வயதில் வந்து தோல் பதனிடும் கம்பெனியில் சேர்ந்தார். சிவசேனா தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் எங்கும் கேட்ட காலம். தாதருக்குப் போக வேண்டியிருந்தால் லுங்கியை அவிழ்த்துவிட்டுப் பேண்ட் மாட்டிக்கொண்டு போவாராம். பேண்ட் இல்லாத ஆட்களுக்காக ஒரே பேண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனோம் என்று சொல்லுவார். 2011-இல் சாகும்வரை அந்தக் கட்சிக்கு அவர் ஓட்டுப் போட்டதில்லை.

2024 மே 20. மக்களவைத் தேர்தல். தாராவி, தென்மத்திய மும்பைத் தொகுதியில் வருகிறது. 2009-இலிருந்து மூன்று தேர்தலும் அங்கே கை சின்னத்தில் நின்றவர் ஏக்நாத் கெய்க்வாட்தான். அவர் 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். கூட்டணியில் இந்தத் தொகுதி, சிவசேனா உடைந்தபின் உத்தவ் தாக்கரே வைத்திருந்த உத்தவ் சேனாவுக்குப் போனது. இயந்திரத்தில் கையே இல்லை, அந்தச் சேனாவின் மஷால், அதாவது தீப்பந்தச் சின்னம்தான். அம்மாவுக்கு அதை நான்தான் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்கப்பா இருந்தா என்ன சொல்லுவாரு" என்றாள். அப்புறம், "வீடு போச்சுன்னா அவரு போட்டோவ எந்தச் செவத்துல மாட்டுவேன்" என்றாள்.

அந்த வசந்த காலத்தில்தான் தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புக்கான சர்வே தொடங்கி, ஆட்கள் வந்து கதவுக்குக் கதவு எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2000-க்கு முன்பிருந்த தரைத்தளக்காரர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. மாலாவில், அதாவது மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான், தவணையில். அம்மா கையில் 1976-இலிருந்து காகிதம் இருக்கிறது, அவளுக்குச் சிக்கல் வரக் கூடாது. ஆனாலும் பயம். அம்மா மஷாலுக்குப் போட்டாள். அனில் தேசாய் ஜெயித்த வித்தியாசம் 53,384 ஓட்டு, அதில் பாதிக்கு மேல் தாராவி ஒரே தொகுதியில் கிடைத்த முன்னிலை. அரசியலமைப்பை மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சும் அந்தத் தேர்தலில் அம்பேத்கர் படம் மாட்டிய வீடுகளை உலுக்கியிருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. அதுவும் இதுவும் சேர்ந்துதான்.

தாராவிக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே எண்ணம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கோலிக்கு மேலே மாலாவில் பத்து வருடமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் இரும்பு ஏணி, மேலே நிமிர்ந்து நிற்க முடியாத தகரக் கூரை. அந்த அக்கா என்னிடம் நேராகச் சொன்னார்: "தம்பி, முலுண்டோ எங்கேயோ, தவணையோ என்னவோ, எம் பேர்ல ஒரு கதவு இருந்தா போதும். எடுத்துக் கட்டட்டும்." ஏணிக்குக் கீழே ஒரு ஓட்டு, ஏணிக்கு மேலே ஒரு ஓட்டு.

சித்தப்பா மகன் சயான் கோலிவாடாவில் எட்டாவது மாடியில் இருக்கிறான். அவர்கள் குடிசை இருந்த இடத்திலேயே எழும்பிய கட்டடம், 225 சதுர அடி, சித்தப்பா பெயரில் ஒதுக்கீட்டுக் கடிதம். லிப்ட் பாதி நாள் ஓடாது. ஆனால் சமையலறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கிறது. தீபாவளிக்குப் போயிருந்தபோது கேட்டேன். "அண்ணே, எங்களுக்கு வீடு கெடச்சாச்சு. இனி எடுக்க மாட்டான். இந்த ஊரு சட்டசபையில நம்ம பாஷை பேசுற ஒருத்தர் இருக்காருன்னா அவரை ஏன் நான் விடணும்? போய் நின்னா தமிழ்ல பேசலாம்" என்றான். சித்தி உள்ளேயிருந்து, "ஒங்கம்மா இன்னமும் பையத் தூக்கிட்டா அலையுதா?" என்று கேட்டார். சித்தியிடமும் அப்படி ஒரு பை இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அது இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நான் ஆபீஸ்காரர்களுக்குப் புரியவைக்கப் பார்க்கிறேன். சித்தியும் அம்மாவும் ஒரே ஊரில் பிறந்தவர்கள், ஒரே சாதி, ஒரே சாமி. ஒருத்திக்குப் பயம் தீர்ந்துவிட்டது, இன்னொருத்திக்குத் தீரவில்லை.

நவம்பர் 20 சட்டமன்றத் தேர்தலன்று அம்மாவைக் கூட்டிப்போய் ஓட்டுப் போட வைத்துவிட்டு, அப்படியே சித்தி வீட்டுக்கும் கூட்டிப்போனேன். சயான் பாலம் ஆகஸ்டிலிருந்தே வண்டிகளுக்கு மூடிக் கிடந்தது. ஸ்டேஷன் படியேறி நடந்துதான் போனோம். தண்டவாளத்துக்கு மேலே மூச்சு வாங்கிக் கொஞ்ச நேரம் நின்றாள், பை கக்கத்தில். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. தாராவியில் ஜோதி கெய்க்வாட், சயான் கோலிவாடாவில் தமிழ்ச்செல்வன். இரண்டு வீட்டிலும் சந்தோஷம். சித்தி அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார், அதில் தேர்தலைப் பற்றி இரண்டு நிமிடம் இருந்திருக்கும்.

போன மாதம் போயிருந்தபோது அம்மா கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "அந்தப் போன்ல பேரு இருக்கான்னு பாரு" என்றாள். பார்த்தேன். இருக்கிறது. பெயர் இப்போது ஒழுங்காக இருக்கிறது, வயது மட்டும் நான்கு குறைவு. வாசித்துக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டாள். "சரி, அந்தப் பக்கத்த காயிதத்துல எடுத்துட்டு வா" என்றாள். 90 அடி சாலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றை மடிக்காமல் உறைக்குள் போட்டு, பழைய 1995 பக்கத்துக்கு மேலே வைத்தாள்.