தட்டச்சுக் கடைக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் கடையில் மனு, திருமண அழைப்பிதழ், கல்லூரி ஆய்வேடு, பத்திர வரைவு என்று எல்லாமே தமிழ்த் தட்டச்சை நம்பி நடக்கும் வேலை. இருக்கும் கணினிகள் அனைத்தும் இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்டவை. அவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, விண்டோஸ் 11-க்குப் போகும் வழியும் எங்களுக்கு அடைபட்டிருந்தது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். நன்றாக உழைக்கும் கணினிகளைத் தூக்கிப் போட மனம் வராததால், மாவட்டத் தலைநகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றாகப் பல வகைகளில் கிடைக்கும் இலவச இயங்குதளம்) ஆர்வலர்களிடம் போய்க் கேட்டேன். அங்கே கிடைத்த அறிவுரைகளில் எவை எங்கள் வேலைக்கு உண்மையாகவே உதவின என்பதைத் தமிழ்த் தட்டச்சைத் தொழிலாகக் கொண்ட மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் அறிவுரை எந்த லினக்ஸ் என்பதைப் பற்றியது அல்ல, எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் பற்றியது. "வைஃபை எடுக்கவில்லை" என்று நான் சொன்னதும் குழுவின் மூத்தவர், "அக்கா, அந்த வைஃபை குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர் நமக்கு உதவாது, உள்ளே இருக்கும் சில்லின் எண்ணைக் கொண்டு வாருங்கள்" என்றார். ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில் விற்கப்படும் யுஎஸ்பி வைஃபை குச்சிகளில்கூடப் பதிப்புக்குப் பதிப்பு வேறு நிறுவனச் சில்லுகள் இருப்பதுண்டு. யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைக் காட்டுகிறது: முன்னது தயாரிப்பாளரைக் குறிப்பது, பின்னது கருவியைக் குறிப்பது. அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், எந்த இயக்கி (கருவியை இயக்கும் நிரல்) தேவை, அது லினக்ஸின் மையக்கருவான கெர்னலிலேயே இருக்கிறதா, தனியாக நிறுவ வேண்டுமா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள். முழுக் கணினியின் விவரமும் வேண்டுமென்றால் 'இன்க்ஸி' என்ற கருவி போதும். அதை 'இசட்' விருப்பத்தோடு ஓட்டினால் வரிசை எண்கள், வலையட்டை முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்களை மறைத்தே வெளியீடு தருகிறது. திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதைக் காட்டிலும், அந்த வெளியீட்டை உரைக் கோப்பாகச் சேமித்துக் கொடுப்பது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

வைஃபை இயக்கியை நிறுவ இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்ற முட்டுக்கட்டைக்கு அவர்கள் சொன்ன தீர்வு மிக எளியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினியில் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைக் கணினியோடு பகிரும் வசதி) இயக்கினால், கணினி அதைக் கம்பி இணைப்பு போலவே எடுத்துக்கொள்கிறது. தனி இயக்கி எதுவும் தேவைப்படுவதில்லை.

நிறுவிய விதத்தை விரிவாக எழுத வேண்டியதில்லை. லினக்ஸ் மிண்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைமுகப்புள்ள பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். 4 ஜிபி நினைவகத்துக்கு அது பாரமாக இல்லை. பழைய சுழல்வட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டதுதான் வேகத்தில் பெரிய மாற்றத்தைத் தந்தது. பதிவிறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டுவது), மிண்ட் தளத்தில் வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பென் டிரைவில் எழுத வேண்டும் என்பதையும், நிறுவுவதற்கு முன் அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கி ஒலி, வலை, அச்சுப்பொறி ஆகியவற்றைச் சோதித்துவிட வேண்டும் என்பதையும் யாரும் தவிர்க்கக் கூடாது.

சில வாரங்கள் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் அருகருகே வைத்திருந்தோம். அப்போது இரண்டு விஷயங்கள் தலைகாட்டின. விண்டோஸுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகி நின்றது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது; லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது; இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால் பிசகும் சரியாக அந்த அளவே இருக்கிறது. 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் செய்தால் இது தீர்ந்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து திறக்க முடிந்தது, ஆனால் திருத்திச் சேமிக்க முடியவில்லை. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், கணினியை அணைத்தாலும் அது முழுவதும் அணைவதில்லை. வட்டுப் பகுதி பாதித் தூக்கத்தில் விடப்படுகிறது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால்தான் லினக்ஸ் மறுக்கிறது. அந்த மறுப்பை வலுக்கட்டாயமாக மீறச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உள்ளன. எங்கள் குழுவில் ஒருவரும் அதற்கு ஒப்பவில்லை, விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை அணைக்கவே சொன்னார்கள்.

இனி, தட்டச்சு. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட்99 என்ற பெயரோடு சில அமைப்புகள் உடனே கண்ணில் படும். அவை எக்ஸ்கேபி எனப்படும் விசை வரைபடங்கள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைச் சொல்வதோடு அவற்றின் வேலை முடிகிறது. தமிழ்99 விசைப்பலகை முறையின் சிறப்போ முன்பு தட்டிய எழுத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வதில் இருக்கிறது: மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆக வேண்டும், 'க' இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், 'ங' அடுத்து 'க' வந்தால் 'ங்க' ஆக வேண்டும். இதை வெறும் விசை வரைபடத்தால் செய்ய இயலாது. அதற்கு ஓர் உள்ளீட்டு முறை வேண்டும். ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சட்டகத்தோடு எம்17என் என்ற உள்ளீட்டு முறைகளின் தொகுப்பையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் எல்லாம் முறையாக வேலை செய்கிறது. தட்டச்சுப் பயிலகத்தில் படித்துத் தேர்ந்த எங்கள் ஊழியருக்கு அதே தொகுப்பில் உள்ள தட்டச்சுப்பொறி அமைப்பு கைகொடுத்தது. இத்தனை ஆண்டுகள் பழகிய விரல்களை மாற்றச் சொல்லும் தேவை எழவில்லை. லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு கொண்ட மொழிகளின் வகையில் வைப்பதால், தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கானவற்றிலிருந்து தனியாகச் சேமிக்கப்படுகின்றன. பத்தி நடையிலேயே (ஸ்டைல்) இரண்டையும் ஒருமுறை அமைத்துவிட்டால், ஆங்கிலச் சொற்கள் ஓர் அளவிலும் தமிழ்ச் சொற்கள் வேறோர் அளவிலும் வந்து நிற்காது.

எங்களுக்கு உண்மையான மலையாக நின்றவை பழைய கோப்புகள். ஆண்டுக்கணக்கில் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த ஆவணங்கள் அவை. அவற்றைப் பார்ப்பதும் அச்சிடுவதும் எளிது: விலை கொடுத்து வாங்கிய எழுத்துருக் கோப்புகளை நம் இல்ல அடைவிலுள்ள (பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) எழுத்துருக் கோப்புறையில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தால் ஆவணம் முன்பு போலவே திறக்கிறது. ஆனால் அது உண்மையில் தமிழ் உரை அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய உரை. 'ஜே' என்ற ஆங்கில எழுத்துக்குப் பாமினி 'த' உருவத்தைக் காட்டுகிறது, அரைப்புள்ளிக்குப் புள்ளியைக் காட்டுகிறது. ஆகவே தேடலும் அகரவரிசையும் அதில் நடக்காது, கைப்பேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

அவற்றை ஒருங்குறிக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்ற, ஓபன்-தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழிக்கான நிரலகத்திலுள்ள மாற்றிகளைக் குழுவினர் காட்டினார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம்: 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். ஒருங்குறியில் 'க' முதலில் நிற்க வேண்டும், அதன்பின் ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக வர வேண்டும். ஆகவே மாற்றி நீளமான சேர்க்கைகளை முதலில் தேட வேண்டும். 'கொ' முழுவதையும் பார்த்த பிறகுதான் 'கெ'யைத் தேடலாம், கடைசியாகத்தான் தனிக் 'க'. சில கருவிகள் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறியீடுகளாகவே விட்டுவிடுகின்றன. திரையில் வேறுபாடு தெரியாது, தேடும்போது மட்டும் சொல் அகப்படாது. ஒருங்குறியின் என்எஃப்சி இயல்பாக்கத்தை உரை முழுவதற்கும் ஓட்டினால் அந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதைவிட நுட்பமானது ஔகாரம். பாமினியில் 'கௌ' என்பதும் 'கெ'யை அடுத்து 'ள' வருவதும் ஒரே விசைகள்தாம். மாற்றி எதை எதுவாகக் கொள்ளும்? கௌரவம், மௌனம், பௌர்ணமி ஆகியவை கெளரவம், மெளனம், பெளர்ணமி என்று தவறாக எழுதப்பட்டு எங்கும் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குழுவிலிருந்த ஒரு கல்லூரி மாணவர் எளிய விதி ஒன்றை எழுதிக் கொடுத்தார்: 'ள'வை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே, 'வெள்ளி', 'தெளிவு', 'வெளி' எல்லாம் அவ்வாறே நிற்கும். எதுவும் ஒட்டாமல் தனியாக 'ள' நின்றால் ஔகாரக் குறியாகக் கொள்ளலாம். மாற்றிய இடங்களை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்துக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுகிறோம். விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாடிக்கையாளரின் பெயர் வரும் பத்திரத்தில் மனிதக் கண் படாமல் அனுப்புவது கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணங்களை வெறும் உரையாக எடுத்து மாற்றியில் கொடுத்தால் ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிக் குழம்பிவிடும். ஆவணத்தின் ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதைப் பார்த்து, பாமினித் துண்டுகளை மட்டும் மாற்ற வேண்டும். பழைய வேர்டு கோப்புகளை லிப்ரெஆபீஸில் திறந்து புதிய டாக்ஸ் வடிவில் சேமித்தபின், அந்த வடிவைப் படிக்கும் பைத்தான் நிரலகத்தால் இது எளிதாக முடிகிறது.

அச்சுப்பொறியில் கவனிக்க வேண்டிய சிக்கலும் ஒன்று இருக்கிறது. எங்களிடம் இருப்பது நம்மூர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் எச்பி லேசர்ஜெட் 1020. இதன் உள்நிரல் (பொறியை இயக்கும் நிரல்) பொறிக்குள் நிலையாகத் தங்குவதில்லை. மின்சாரம் போட்டு இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்பி வைக்க வேண்டும். எச்பிலிப் என்ற இயக்கித் தொகுப்பைத் தவிர, 'எச்பி-பிளகின்' கட்டளையால் ஒரு கூடுதல் செருகு நிரலையும் நிறுவினால்தான் அது நடக்கும். எச்பிலிப்பின் பதிப்பும் செருகு நிரலின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியைப் புதுப்பிக்கும்போது முன்னது மேம்பட்டுப் பின்னது பழையதாகவே நின்றால் அச்சு நின்றுபோகும். அதே கட்டளையை மீண்டும் ஓட்டினால் சரியாகிவிடும். இதே பொறிக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற வேறோர் இயக்கியும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் எது உள்நிரலை அனுப்புகிறது என்று புரியாமல் தடுமாற நேரும் என்பதால், ஒன்றை நீக்கிவிடச் சொன்னார்கள். கடைக்காரர்கள் புதுப்பிப்பைப் பரபரப்பான நாளில் செய்யாமல் ஓய்வு நாளில் செய்வது நல்லது.

எதைச் செய்வதற்கு முன்னும் டைம்ஷிஃப்டில் ஒரு நிலைப்பதிவு (கணினி அமைப்பின் அந்நேர நகல்) எடுக்கச் சொல்வது குழுவில் எல்லோருக்கும் பழக்கம். அந்தக் கருவி மிண்ட்டோடு சேர்ந்தே வருகிறது. இயக்கியைக் கெடுத்துக்கொண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் இயல்பான அமைப்பில் அது பயனரின் இல்ல அடைவைச் சேர்ப்பதில்லை. வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்குத் தனியாக வெளி வட்டில் நகல் எடுத்தே ஆக வேண்டும். நிர்வாகி உரிமை கேட்கும் எந்தக் கட்டளையையும் அது என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இயக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. லிப்ரெஆபீஸ் டிரா அவற்றைத் திறக்கிறது, உரையையும் எடுத்துத் தருகிறது. ஆனால் அழைப்பிதழ்களின் பக்க அமைப்பு பல இடங்களில் குலைகிறது. அடிக்கடி திரும்ப வரும் அழைப்பிதழ் மாதிரிகளை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒருங்குறியோடு புதிதாக அமைத்து வருகிறோம். மீதமுள்ளவற்றுக்காக ஒரு கணினியை மட்டும் விண்டோஸிலேயே, வலைக் கம்பியையும் வைஃபை குச்சியையும் எடுத்துவிட்டு, இணையமின்றி வைத்திருக்கிறோம். அதிலிருந்து கோப்புகள் பென் டிரைவில் பிடிஎஃப் ஆக வெளியே வருகின்றன. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ்கள் அதில் செருகப்படுவதில்லை, அவை முதலில் லினக்ஸ் கணினிக்கே போகின்றன. மிண்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்புகள் உண்டு. அதற்குள் பேஜ்மேக்கர் மாதிரிகளை மாற்றி முடித்து, அந்தக் கடைசிக் கணினியையும் மாற்றிவிடத் திட்டமிட்டிருக்கிறோம்.