பெட்ரோல் ரசீது

நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், சேலத்தில் ஒரு மருத்துவர் சங்கத்தின் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்த மூன்று மாதம் போய்வந்தேன். அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறை. இரும்பு பீரோக்கள் இரண்டு, மர அலமாரி ஒன்று. பீரோவில் இருந்தவை பிழைத்துக்கொண்டன. அலமாரியில் கீழ்த்தட்டைக் கரையானும் மேல்தட்டை இராமபாணப் பூச்சியும் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தன.

முதல் இரண்டு வாரமும் குண்டூசி எடுப்பதிலேயே போயிற்று. துருவேறிய ஊசியை அப்படியே இழுத்தால் காகிதமும் கூடவே வந்துவிடும். தாளை மேஜைமீது படியவைத்து, ஊசிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக அசைத்துத் துருப்பிடி விட்ட பிறகுதான் உருவ வேண்டும். எடுத்ததையெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவந்தேன். கழுத்துவரை நிறைந்தது.

சங்கத்துக்கு வேண்டியது ஆண்டுவிழா மலர். “தலைவர்கள் படமும் மினிட் புத்தகமும் போதும் அம்மா, வவுச்சர் கட்டுகளைக் கழித்துவிடுங்கள்” என்றார் செயலாளர். நானும் சரியென்று ஒரு கட்டைப் பழைய பேப்பர் மூட்டையில் போட்டேன். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவள் செய்கிற காரியமா அது! மறுநாள் காலை மூட்டையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தேன்.

மினிட் புத்தகம் மகா சாது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். சண்டை நடந்த கூட்டம் என்பதை அடுத்த மாத வருகைப் பட்டியலில் பாதிக் கையெழுத்து குறைவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உறுப்பினர் பதிவேடு அப்படியல்ல. பழைய பக்கங்களில் பல பெயர்களுக்குப் பின்னால் எல்.எம்.பி. என்று இருக்கிறது. எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறுகிய படிப்பு அது. 1946இல் அரசு அமைத்த போர் குழு (சண்டைப் போர் அல்ல, தலைவர் ஜோசப் போரின் பெயர்) மருத்துவப் படிப்பு இனி ஒரே தரமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அந்த மூன்றெழுத்து அருகிக்கொண்டே போகிறது. முகவரிகளும் அப்படித்தான். 1965இல் தருமபுரி தனி மாவட்டமானதும் அந்தப் பக்கத்துப் பெயர்கள்மேல் சிவப்புக் கோடு. 1997இல் நாமக்கல்காரர்களுக்கும் அதே கோடு.

மூட்டையிலிருந்து மீட்ட கட்டில் ‘ஏற்காடு முகாம், பெட்ரோல்’ என்று ஒரு ரசீது இருந்தது. மினிட் புத்தகத்தில் அந்த முகாமுக்கு ஒரே வரி: சிறப்பாக நடைபெற்றது. ரசீதின் பின்புறம் பென்சிலில் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்தவர் எண்ணிக்கை. வெள்ளக்கடைக்கு எதிரே எண் இல்லை. ‘மழை. வண்டி ஏறவில்லை. நடந்து போனோம். யாரும் இல்லை.’ ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது.

அதே கட்டில் ஒரு கடிதமும் இருந்தது. மலைத்தோட்டம் ஒன்றின் மருத்துவர், தொழிலாளி ஒருவரின் காசநோயைப் பற்றி ஊரில் இருந்த மூத்தவரிடம் யோசனை கேட்டு எழுதியது. சானடோரியத்துக்கு (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) அனுப்பினால் இவர் குடும்பம் பட்டினி கிடக்கும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாமா என்கிறார். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியது. வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவுமில்லை என்று அது காட்டியது. கடிதத்தில் தேதியிருந்த இடம் கிழிந்துபோயிருந்ததால், ஆய்வுக்கு முந்தியதா பிந்தியதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

செயலாளர் படித்துவிட்டு, “மலரில் முதல் பக்கம் இதுதான்” என்றார்.

“நோயாளியின் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கிறதே டாக்டர்.”

“அவர் எப்போதோ காலமாகியிருப்பார் அம்மா.”

“பேரப்பிள்ளைகள் இருப்பார்களே.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொன்னார்: மருத்துவர்களின் ஜெனீவா உறுதிமொழியில் ரகசியம் காப்பது 1948இலேயே உண்டு; ‘நோயாளி இறந்த பிறகும்’ என்ற சொற்களை 1968இல் சேர்த்தார்களாம். பெயரை அடித்துவிட்டுப் போடலாமா என்று ஒருமுறை கேட்டுப்பார்த்தார். தோட்டத்தின் பெயரும் நோயும் தெரிந்தால் மலையில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்றேன். கடிதத்தை உறையிலிட்டு அரக்கு வைத்து பீரோவில் பூட்டினோம். சாவி அவரிடம்.

மலர் வந்தது. முதல் பத்துப் பக்கமும் தலைவர்கள், மாலையும் கோட்டுமாக. பதினோராம் பக்கத்தில் பெட்ரோல் ரசீது, பென்சில் எழுதிய பின்புறம், கரையான் தின்ற மூலையோடு.