படிப்பு ஆப்பும் பேர் சொல்லாத கடனும்

அக்கா வீட்டில் பாப்பாவுக்காக வாங்கிய ஆன்லைன் படிப்பை ரத்து செய்து, அதன் பேரில் மாமா தலையில் ஏறியிருந்த கடனையும் முடித்துவிட்டோம். தெருவில் இன்னும் சில வீடுகளில் இதே சிக்கல் இருப்பதால், "எப்படிப் பண்ணீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயர் இதில் வராது. சமரசம் பேசி முடித்தபோது அப்படித்தான் ஒப்புக்கொண்டோம்.

அக்கா இருப்பது பெங்களூர் மர்ஃபி டவுன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் டேப்லெட்டோடு வந்தானாம். "கேஜிஎஃப்தான் அக்கா நம்ம ஊரு" என்று கோலார் தங்க வயலைச் சொன்னதும் அவனுக்குக் காபி வந்துவிட்டது. பெங்களூரில் வீடு தேடி வந்து தமிழில் பேசும் விற்பனைக்காரனுக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எட்டாவது படிக்கும் பாப்பாவுக்கு அங்கேயே இலவச டெஸ்ட் வைத்தான். கணக்கில் அடித்தளமே சரியில்லை, இப்போது விட்டால் பத்தாவதில் அழ வேண்டியதுதான் என்றான். அந்த டெஸ்டில் எந்தக் குழந்தையாவது தேறியிருக்குமா என்பது என் சந்தேகம். மாமா ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருப்பவர், போலி பேரிங்கைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார். பெண்ணின் படிப்பு என்றதும் அந்தக் கண் வேலை செய்யவில்லை.

டேப்லெட்டோடு சேர்த்து மொத்தம் 62,000 ரூபாய். 5,000 அன்றே யுபிஐயில் போனது. மீதி 57,000 "மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாதிரி" 24 மாதத்துக்கு 2,375. மாமாவின் ஆதார், பான், ஒரு செல்ஃபி, இரண்டு ஓடிபி. கடன் என்று யாரும் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் தெளிவாகச் சொன்னான்.

பாப்பாவுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. தினமும் பேசுவார் என்ற மென்டார் பேசவே இல்லை. அக்கா கெடுவுக்குள் போன் போட்டு ரத்து செய்யச் சொன்னாள். "சீனியர் கூப்பிடுவார் மேடம்" என்றார்கள். சீனியர் கூப்பிட்டு, பாப்பாவின் எதிர்காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, இன்னும் மேலே இருப்பவரிடம் சொல்வதாக வைத்துவிட்டார். இப்படியே 15 நாள் தாண்டியதும் குரல் மாறிவிட்டது: "டிரையல் பீரியட் முடிஞ்சிருச்சே மேடம்." அக்கா கெடுவுக்குள் கேட்டாள் என்பதற்கு அவள் போனில் இருந்த கால் பட்டியலைத் தவிர ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

எனக்குச் சொல்வதற்கு முன்னால் அக்கா போனது பழைய கார்ப்பரேட்டர் (வார்டு கவுன்சிலர்) வீட்டுக்கு. மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தும் ஆயிற்று. ஆனாலும் எங்கள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் அந்தத் திண்ணைக்குத்தான் போவார்கள். மனுஷர் நல்லவர், உடனே ஸ்பீக்கரில் போன் போட்டார். "கன்னடத்துக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது. அழுத்தினார். பாட்டு ஓடியது. ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "இவனுங்க ஆபீஸ் நம்ம வார்டுல இல்லையேம்மா" என்று வைத்துவிட்டாராம்.

நான் செய்த முதல் வேலை மாமாவின் மெயிலைத் திறந்தது. அவர் அதைக் கடைசியாகத் திறந்தது போன் வாங்கிய அன்று. விளம்பரங்களுக்கு நடுவில் ஒரு பிடிஎஃப் கிடந்தது: கடன் ஒப்பந்தம். அப்போதுதான் படம் புரிந்தது. படிப்பு விற்றது ஒரு கம்பெனி. அதற்கு 57,000-ஐ மொத்தமாகக் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம். மாதாமாதம் பிடித்துக் கொடுப்பது மாமாவின் வங்கி. படிப்பு வேண்டாம் என்று முதலாமவரிடம் சொன்னால் இரண்டாமவருக்கு ஒன்றும் ஆகாது, கடன் மாமா பெயரில்தான் நிற்கும். டிஜிட்டல் கடன்களில், அபராதம் இல்லாமல் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி வெளியேற ஒரு சின்ன அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் அதுவும் இருந்தது. ஆனால் இது கடன் என்று தெரிவதற்குள் அந்தச் சில நாள் போய்விட்டது.

"நாளைக்கே பேங்குல சொல்லி ஆட்டோ டெபிட்டை நிறுத்திடலாம்" என்றார் மாமா. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நான் வேண்டாம் என்றேன். தவணை பவுன்ஸ் ஆனால் வங்கியும் நிதி நிறுவனமும் தனித்தனியாகக் கட்டணம் போடும், கிரெடிட் ஸ்கோர் விழும், வசூல்காரன் கடைக்கே போன் போடுவான். கட்டிக்கொண்டே சண்டை போடலாம், வழக்கில் அதையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது என் கணக்கு. மாமாவுக்கு இதில் கடைசிவரை உடன்பாடில்லை. 2,375 போகும் தேதியில் என்னோடு சரியாகப் பேசமாட்டார்.

பிறகு போனில் பேசுவதையே விட்டுவிட்டோம். யார் கூப்பிட்டாலும் "மெயிலில் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லும்படி அக்காவிடம் சொல்லி வைத்தேன். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கும் நிறுவனம் குறைதீர் அதிகாரியின் பெயரைத் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் வந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. எந்த நாளில் எந்த எண்ணிலிருந்து பேசினோம், என்ன சொன்னார்கள் என்று தேதிவாரியாக எழுதி, கால் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினோம். நகல் நிதி நிறுவனத்துக்கும். தவணைகளை ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறோம் என்று அதில் ஒரு வரி சேர்த்தேன்.

அதோடு 1915-க்கும் போன். தேசிய நுகர்வோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழிலும் பேசலாம், அக்காவே பேசினாள். புகார் எண் தருவார்கள், நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அதைத் தெரிந்துகொண்டே கூப்பிடுங்கள். எங்களுக்கு வந்த பதில், விதிமுறைப்படி ரத்து செய்ய முடியாது என்பது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. முதல் முறையாக அவர்கள் கையால் எழுத்தில் ஒன்று கிடைத்தது!

நிதி நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். முதலில் நிதி நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோதான் எடுப்பார்கள். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே நுகர்வோர் ஆணையத்துக்கான (முன்பு நுகர்வோர் மன்றம் என்பார்கள்) மனுவைத் தயார் செய்தேன்.

ஒப்பந்தத்தில் தகராறு எதுவானாலும் வேறொரு ஊரில், கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர் முன்தான் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைக் காட்டித்தான் அவர்கள் பயமுறுத்தினார்கள். நடுவர் பிரிவு இருப்பதாலேயே நுகர்வோர் மன்றத்தின் கதவு அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். படிப்பை வாங்கியவரும் கடன் வாங்கியவரும் மாமாதான் என்பதால் மனு அவர் பெயரில். எதிர்த்தரப்பில் படிப்புக் கம்பெனி, நிதி நிறுவனம் இரண்டையும் சேர்த்தோம்.

மனுவை நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் ஏற்றலாம். நகரத்தின் மாவட்ட ஆணையங்கள் சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு வளாகத்தில் இருக்கின்றன. எழுதுவது கஷ்டமில்லை, நடந்ததைத் தேதி வரிசையில் எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். நேரம் தின்றது இணைப்புகள்தான். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு. போனிலிருந்து எடுத்த எதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று டைப்பிங் கடைக்காரர்தான் சொன்னார். முன்பு 65பி பிரிவு என்பார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ம் பிரிவு. பழைய படிவத்தையே கொடுக்கும் கடைகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் போன பிறகு படிப்புக் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து போன். இவ்வளவு நாள் பாப்பாவின் எதிர்காலத்துக்காக உருகியவர்கள் இப்போது பாப்பாவின் பெயரையே எடுக்கவில்லை. எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அந்தக் கெடு அவர்களை உறுத்தியிருக்கும். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தால் கடனை முடித்துத் தருகிறோம், கட்டிய தவணையும் திரும்பும், முதலில் கட்டிய 5,000 மட்டும் திரும்பாது என்றார்கள். நானாக இருந்தால் அந்த 5,000-க்கும் நின்றிருப்பேன். அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இங்கே ஒன்றில் கவனம் வேண்டும். அவர்கள் அனுப்பிய வரைவில் கடன் "செட்டில்" செய்யப்படும் என்று இருந்தது. கிரெடிட் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று பதிவானால், முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்த ஆள் என்று அர்த்தம். நாளைக்கு மாமா வண்டிக் கடன் கேட்டால் இடிக்கும். "குளோஸ்டு" என்று பதிவாக வேண்டும், பாக்கி இல்லை என்ற கடிதம் நிதி நிறுவனத்திடமிருந்தே வர வேண்டும், அதுவரை மனுவை வாபஸ் வாங்கமாட்டோம் என்று எழுதினேன். முனகிக்கொண்டே மாற்றினார்கள். பணம் கணக்கில் ஏறி, கடிதமும் வந்த பிறகுதான் வாபஸ் மனு போட்டோம்.

நம் கடன் விவரங்களைப் பதிவு செய்து வைக்கும் ஒவ்வொரு கிரெடிட் நிறுவனத்திடமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கலாம். எடுத்துப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. தப்பாக இருந்து, திருத்தக் கேட்டு 30 நாளில் திருத்தாவிட்டால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது.

மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது, பெயரையும் தொகையையும் எடுத்துவிட்டுத் தருகிறேன். வருகிறவர்கள் மெயிலில் அந்தக் கடன் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் வந்தால் நானும் சீனியரைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன்.