மோட்டார் காயில் கட்டுகிற பெண்ணும் மலையேறுகிற பையனும்

கேம்பஸ் நேர்காணல் முடிந்து பட்டியல் போட உட்கார்ந்தால், பெங்களூரு மாரத்தஹள்ளி அலுவலகத்தில் எனக்கும் உடன் வேலை செய்யும் மதுரைக்காரருக்கும் வருஷா வருஷம் இதே தகராறுதான்: பொழுதுபோக்கைப் பார்த்து மதிப்பெண் போடலாமா? "பையன் ட்ரெக்கிங் போறான், கிடார் வாசிக்கிறான், நல்லா வருவான் ஜி" என்பார். அவரும் சனி ஞாயிறு சாவன்துர்கா மலை ஏறுகிறவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த முறை தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பொழுதுபோக்கு என்ற இடம் காலி. லீவில் என்ன செய்வாய் என்றதற்கு, அப்பா கடையில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவேன், அதாவது கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவேன் என்றாள். மோட்டார் ஏன் எரிந்தது என்று எப்படித் தெரியும்?

"மூணு பேஸ்ல ரெண்டு கருகி ஒண்ணு மட்டும் நல்லா இருந்தா, பெரும்பாலும் மோட்டார் மேல தப்பில்ல சார். லைன்ல ஒரு பேஸ் போயிருக்கும். அதைப் பார்க்காம காயில் கட்டினா மறுபடியும் எரியும்." மூன்று சுருள்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம் உண்டு; அது ஸ்டார் இணைப்பில், டெல்டா என்றால் ஒன்றுதான் கருகும் என்று அவளே சேர்த்துக்கொண்டாள். சர்வர் விழுந்தால் ரீஸ்டார்ட் அடித்துவிட்டுத் தூங்கப் போகும் சீனியர்கள் எங்களிடம் உண்டு. பெயர் வேண்டாம்.

"அப்போ இதுவும் ஹாபி மாதிரிதானே?" என்று மடக்கினார் நண்பர். அவள் கடையில் உட்கார்ந்ததற்காக நான் மதிப்பெண் போடவில்லை. பழுதின் காரணம் வரை போனாள், அதற்குப் போட்டேன். அந்தப் பையனும் போகிறவனாக இருக்கலாம். மலையேறினான் என்பதை வைத்து அது தெரியாது. உடனே நண்பர், சிறு வயதிலேயே ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கிய, ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக்கை இழுப்பார். உரிமம் வாங்கிவிட்டு அப்புறம் பேங்க் வேலைக்குப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

லாரன் ரிவேராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் 316 சட்ட நிறுவன அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். படிப்பும் மதிப்பெண்ணும் ஒன்றே. குடும்பப் பெயர், பொழுதுபோக்கு போன்ற சில வரிகள்தான் வேறு. போலோ, பாய்மரப் படகு என்று போட்ட ஆணுக்குச் சுமார் 16% அழைப்பு. கால்பந்து, கன்ட்ரி இசை என்று போட்ட ஆணுக்கு 1 சதவீதத்தை ஒட்டி. நம்மூரில் போலோவின் இடத்தில் கிடார் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேர்காணலை எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று மாற்றலாம் என்றேன். எந்தத் தேர்வு முறை ஒருவரின் பிற்கால வேலைத்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு 2022இல் செய்த மறுகணக்கீட்டில், அப்படிப்பட்ட நேர்காணல்தான் 0.42 (1 என்றால் முழுப் பொருத்தம்) என்று முதலிடத்தில் இருக்கிறது. அவர் சம்மதித்துவிட்டார், கேள்விகளை அவரே எழுதுவார் என்ற நிபந்தனையோடு.