பட்டாளத்து ஐயா வைத்த புள்ளிகள்

"நீ பட்டாளத்து ஐயாவின் பேரன்தானே?"

இன்று காலை காசிமேட்டில் சங்கரா மீனுக்குப் பணம் நீட்டியபோது அந்த ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். பழுப்பேறிய அஞ்சல் உறையின் பின்பக்கம். அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவற்றின் மேல் நடுங்கி நடுங்கி ஓடிய பேனாக்கோடு. சேர்த்துப் படித்தால் ஆயாவின் பெயர்.

புள்ளி வைத்தவர் என் தாத்தா.

கணவரைக் கடலில் பறிகொடுத்து, விதவை ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கத் தாலுகா அலுவலகம் போயிருக்கிறார். மையில் கட்டைவிரலை வைக்கப் போனவரை, அங்கே வேலை பார்த்த தாத்தா தடுத்திருக்கிறார். "கைநாட்டு வேண்டாம் அம்மா. இதன்மேல் எழுதிப் பழகிக்கொண்டு நாளைக்கு வா."

தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பாலம் போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. பாகிஸ்தானுடனான 1971 போர் 13 நாளில் முடிந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. பிறகு வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளர். 58 வயதில் ஓய்வு.

வீட்டில் மகா கண்டிப்பு. கணக்கு நோட்டில் ஓர் அடித்தல் இருந்தாலும் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதவைப்பார். எனக்கு அவரிடம் இருந்ததெல்லாம் பயம்தான். ஒரு மீனவப் பெண்ணுக்காக உட்கார்ந்து இத்தனை புள்ளி வைத்த அந்தப் பொறுமையை நான் பார்க்கவே இல்லையே, தாத்தா!

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"கண்ணால் பார்த்துக்கொள், ராசா" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மீனுக்குக் காசும் வாங்கவில்லை.