ரெண்டு ரூபாய் டிரான்சிஸ்டரில் ஒரு இரைச்சல் பெட்டி

குளச்சலில் வள்ளங்களின் விஎச்எஃப் ரேடியோ செட்டையும் ஆன்டெனாவையும் ரிப்பேர் பார்க்க, சோதனை அலை கொடுக்கிற விலை கூடின சிக்னல் ஜெனரேட்டர் வேணுமா என்று கேட்டால், நான் பிசி547 என்கிற சின்ன டிரான்சிஸ்டரை எடுத்துக் காட்டுவேன்.

எமிட்டருக்கு பிளஸ், பேஸுக்கு கிரவுண்டு, கலெக்டர் காலை வெட்டிப் போடுங்க. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் கொடுத்தால், ஏழெட்டு வோல்ட்டில் அந்தச் சந்திப்பு உடைந்து எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தட்டிவிட்டுப் பாயும். ஒழுங்கில்லாத அந்தப் பாய்ச்சல்தான் நமக்கு வேண்டிய இரைச்சல். 12 வோல்ட் ஜீனர் டயோடும், அதை உடைக்கிற அளவு வோல்ட் கொடுத்தால், இப்படிச் சத்தம் போடும். 3.3 வோல்ட் ஜீனர் வேறு விதமாகக் கடத்துவதால் ஊமை மாதிரி இருக்கும். உடைபட்ட டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பெருக்கும் திறன், கெட்டிருக்கும், அதைத் திரும்ப டப்பாவில் போடாதீங்க. பேட்டரிக்குப் பதில் மொபைல் சார்ஜரும் வேண்டாம், அதன் சொந்தச் சத்தமும் சேர்ந்து வரும்.

ஒரு நானோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் வழியாக எடுத்து, பழைய கேபிள் டிவி பூஸ்டரில் விடுகிறேன். கேபிள்காரங்க கழித்துப்போட்டது காயலான் கடையில் கிடைக்கும். நமக்கு வேண்டிய 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 16-ம் சேனல், அது பெருக்கும் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. கால்களைக் குட்டையாக வெட்டுங்க, நீளமானால் மேல் அலைவரிசையில் சத்தம் படுத்துவிடும். கடைசியில், சிக்னலைக் குறைக்கிற 10 டெசிபல் ரெசிஸ்டர் பேட்.

இதை நேராக செட்டில் மாட்டிக் காதால் சோதிக்க நினைக்காதீங்க. எஃப்எம் செட்டு, சிக்னல் இல்லாதபோதே முழு இரைச்சல்தான் போடும், லிமிட்டர் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிடும். பெட்டியை மாட்டினாலும் கழற்றினாலும் காதுக்கு ஒன்றுதான். விமான பேண்டு மாதிரி ஏஎம் செட்டில்தான் வித்தியாசம் கேட்கும்.

எனக்கு இது பயன்படுவது ஆன்டெனாவுக்கு. மூன்று 50 ஓம் ரெசிஸ்டரும் ஒரு ஃபெரைட் வளையமும் வைத்துப் பாலம் கட்டி, ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் ஆன்டெனா, நடுவில் ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகுகிற குட்டி ரேடியோ ரிசீவர். ஆன்டெனா ஒத்துப்போய், இரைச்சலைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்கிற அலைவரிசையில் திரையில் ஒரு பள்ளம் விழும்.

போன வாரம் வந்த ஒரு வள்ளத்தின் ஆன்டெனாவில் அந்தப் பள்ளமே இல்லை. “வெளியே பாக்க நல்லாத்தானே இருக்குண்ணே?” என்றான் பையன். அடிக் கனெக்டரைப் பிரித்தேன்: பின்னல் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணி கேபிளுக்குள் ஒரு முழத்துக்கு மேல் ஏறியிருந்தது. அதை வெட்டி எறிந்து புதுக் கனெக்டர் போட்டு, சுற்றிலும் ரப்பர் டேப் ஒட்டினேன். பள்ளம் 156-க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

டாங்கிளில் ஆட்டோ கெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்க, இல்லாவிட்டால் பள்ளத்தையும் அது நிரவிவிடும். பெட்டியை ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட விடாதீங்க, ஆன்டெனா வழியாக இரைச்சல் வெளியேயும் போகும். 16-ம் சேனல் ஆபத்துக்குக் கூப்பிடுகிற சேனல்.