மூன்று தட்டுக் கோஷங்கள்

2016 ஜூலை 25, திங்கட்கிழமை மாலை. பிலடெல்பியாவின் வெல்ஸ் ஃபார்கோ அரங்கில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் நியமன மாநாடு அப்போதுதான் தொடங்கியிருந்தது. போதகர் சிந்தியா ஹேல் தொடக்க வழிபாட்டை நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஹில்லரி கிளின்டனின் பெயர் வந்தது. அரங்கின் ஒரு பாதி கைதட்டியது. இன்னொரு பாதியிலிருந்து "ஊ" என்ற கூச்சல் கிளம்பியது. வழிபாட்டின் நடுவே ஒரு கூட்டம் ஊளையிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. ஹெட்போனில் எங்கள் தயாரிப்பாளரின் குரல் வந்தது: "கூட்டத்தின் சத்தத்தைக் குறை." ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குக் குமிழான ஃபேடரைக் கீழே இறக்கினேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

நான் ஒலிப்பதிவாளன். மாநாட்டுக்காக ஒரு சிறிய தொலைக்காட்சி நிறுவனம் என்னை நான்கு நாள் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. அரங்கின் மேல்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை. என் மிக்சருக்கு மூன்று வழிகளில் ஒலி வந்தது. ஒன்று, மேடையில் பேசுபவரின் குரல். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படுவது. இரண்டாவது, தரைத்தளத்தில் பிரதிநிதிகளுக்கு நடுவே அலையும் எங்கள் நிருபரின் வயர்லெஸ் மைக். மூன்றாவது, எங்கள் அறைக்கு வெளியே கம்பியில் நானே கட்டித் தொங்கவிட்ட இரண்டு மைக்குகள். அவை கூட்டத்தைப் பார்த்து இருந்தன. அன்று நான் இறக்கியது அந்த மூன்றாவதை.

இந்தத் தொழில் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. திருவாரூர்ப் பக்கம் அவர் மைக் செட் வாடகைக்கு விட்டார். கோவில் திருவிழா, கல்யாணம், எல்லாக் கட்சிகளின் பொதுக்கூட்டம். கூட்டம் தொடங்கியதும் ஆம்ப்ளிஃபயரை என்னிடம் விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்கு நடந்து போவார். அங்கே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு வந்துதான் எந்தக் குமிழையும் தொடுவார். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஒலியை வைப்பவனைத் தொழில்காரன் என்றே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

பிலடெல்பியாவில் கூச்சல் போட்டவர்கள் வெளியிலிருந்து புகுந்தவர்கள் அல்லர். முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். மொத்தம் 4,763 பிரதிநிதிகள் இருந்த அவையில், வேட்பாளர் இடத்துக்கு கிளின்டனோடு போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ் பக்கம் 1,800-க்கும் மேற்பட்டோர். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் முதல்கட்டத் தேர்தல்களில் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தைப் பிரதிநிதிகள் மனச்சாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்று கட்சியின் விதியே சொல்கிறது. "நாங்கள் அதைத்தானே செய்கிறோம்" என்று அவர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அவர்களுடைய கோபத்துக்குக் காரணமும் புதிதாக இருந்தது. மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 22 அன்று, கட்சியின் தேசியக் குழுவிலிருந்து திருடப்பட்ட ஏறத்தாழ 20 ஆயிரம் மின்னஞ்சல்களை, ரகசிய ஆவணங்களைக் கசியவிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்டது. இரு வேட்பாளர்களுக்கும் நடுவே நடுநிலையாக இருக்க வேண்டிய அதிகாரிகள் சாண்டர்ஸைப் பற்றி இளக்காரமாக எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேசியக் குழுவின் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். மறுநாள் காலை, சொந்த மாநிலமான புளோரிடாவின் பிரதிநிதிகளோடு சிற்றுண்டிக் கூட்டத்துக்குப் போனவரை அங்கேயே கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். மாநாட்டைத் தொடங்கிவைக்கும் சுத்தியலை அவருக்குப் பதிலாக பால்டிமோர் மேயர்தான் தட்டினார். அன்று மதியம் சாண்டர்ஸ் தன் பிரதிநிதிகளிடம், டிரம்ப்பைத் தோற்கடித்து கிளின்டனை ஜெயிக்கவைக்க வேண்டும் என்றார். அவருக்கே ஊளை கிடைத்தது. பிறகு, அரங்குக்குள் எதிர்ப்புக் காட்ட வேண்டாம், எனக்காகச் செய்யுங்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார். அதைப் படித்தவர்கள்தான் மாலையில் கத்தினார்கள்.

அவைத் தலைவர் மார்சியா ஃபட்ஜ் பலமுறை நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. உங்களுக்கு நான் மரியாதை தருகிறேன், நீங்களும் தாருங்கள் என்றார். அவர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. ஒவ்வொரு கூச்சலுக்கும் நான் ஃபேடரை இறக்குவதும், அடங்கியதும் ஏற்றுவதுமாக இருந்தேன். மிஷெல் ஒபாமா பேச வந்தபோது அதற்குத் தேவையே இருக்கவில்லை. அந்த உரை முழுவதும் கூட்டத்தின் மைக்கை மேலேயே வைத்திருந்தேன். அன்றிரவு வேலையை நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் காலை தரைத்தளத்தில் நிருபரின் மைக்குக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். மத்திய மேற்கு மாநிலம் ஒன்றிலிருந்து வந்த பெண்மணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. நான் எந்த நிறுவனம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"என் மகள் உங்கள் சேனலைத்தான் பார்த்தாளாம். நீங்கள் யாரும் கத்தவே இல்லையே அம்மா என்று கேட்கிறாள்" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஃபேடர் என் கையில் இருந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. நான் பேட்டரியை மாட்டி முடித்து மேலே வந்துவிட்டேன்.

மேடைப் பேச்சு நேயர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது நியாயமான வேலைதான். தயாரிப்பாளர் சொன்னதும் அதற்காகத்தான். அதை எப்போதும் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். ஆனால் பேச்சு கேட்பதற்குப் பத்து டெசிபல் குறைத்தால் போதும். நான் முழுக்க இறக்கிவிட்டேன். ஒரு மாநாடு இரண்டாகப் பிளந்து நின்றதை, ஒன்றாக இருந்ததாக ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்கவைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாநிலவாரி வாக்கெடுப்பு. அதற்கு முன் சாண்டர்ஸின் பெயரை துல்சி கப்பார்ட் முன்மொழிந்தார். கிளின்டனை வழிமொழிந்தவர்களில் ஜான் லூயிஸ் ஒருவர். அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அழைத்தார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் அந்த மாநிலத்தின் மைக் திறக்கும். எழுந்து நிற்பவர் தன் ஊரின் மலை, ஏரி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுக் கணக்கைச் சொல்வார்: சாண்டர்ஸுக்கு இத்தனை, கிளின்டனுக்கு இத்தனை. வெளிநாடுகளில் வாழும் ஜனநாயகக் கட்சியினரின் முறை வந்தபோது, சாண்டர்ஸின் அண்ணன் லாரி எழுந்தார். இங்கிலாந்தில் வாழ்பவர். தங்கள் பெற்றோரான எலி, டாரத்தி பெயர்களைச் சொல்லி, அவர்கள் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்கள் என்றார். குரல் உடைந்தது. குரல் உடையும்போது ஒலி சட்டென்று இறங்கும், பிறகு எதிர்பாராமல் ஏறும். பழகிய கை தானாகவே சரிசெய்யப் போகும். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் பெர்னி சாண்டர்ஸ் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த மாலையில் அரங்கம் வேறு மாதிரி ஒலித்தது. முந்தைய நாள் ஊளையிட்ட அதே பகுதிகளில், தங்கள் எண்ணிக்கை மைக்கில் வாசிக்கப்படும்போது ஆரவாரம் எழுந்தது. கிளின்டனின் எண்ணிக்கைக்கு எதிர்ப்பு வந்தாலும் முந்தைய நாளின் வேகம் இல்லை. தோற்கப்போகிறோம் என்பது அவர்களுக்கு மாதக்கணக்காகத் தெரியும். வெற்றிக்குத் தேவையான 2,382-ஐ தெற்கு டகோடா கடக்கவைத்தது. ஆனாலும் அழைப்பை அங்கே நிறுத்திவிடாமல் எல்லா மாநிலங்களையும் கூப்பிட்டு முடித்தார்கள். முறை வந்தபோது ஒதுங்கிக்கொண்ட, சாண்டர்ஸின் மாநிலமான வெர்மான்ட் கடைசியாக வந்தது. அந்த வரிசையில் நின்று சாண்டர்ஸ் தானே மைக்கைப் பிடித்து, விதிமுறையை நிறுத்திவைத்து கிளின்டனை வேட்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் டென்வரில், தோற்ற வேட்பாளராக நியூயார்க் பிரதிநிதிகளுக்கு நடுவே நின்று ஒபாமாவுக்காக ஹில்லரி கிளின்டன் செய்ததும் இதைத்தான். கிளின்டனுக்கு 2,842, சாண்டர்ஸுக்கு 1,865 என்று பதிவானது. ஒற்றுமைக்காக மேடையில் யார் யாரோ உருகி உருகிப் பேசினார்கள். அவை எல்லாவற்றையும்விட, 1,865 என்ற எண்ணை மாநிலம் மாநிலமாக உரக்கச் சொல்லவிட்டதுதான் அதிகம் செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லோருக்கும் அது போதவில்லை. குரல் வாக்கு முடிந்ததும் பலர் வெளிநடப்புச் செய்து, பத்திரிகையாளர்களின் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சிலர் வாயில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அங்கே போன எங்கள் நிருபரின் மைக்கில் வந்ததெல்லாம் காலடிச் சத்தமும் குளிர்சாதன இரைச்சலும்தான். நான் அதை அப்படியே முப்பது விநாடி விட்டேன். தயாரிப்பாளர் கேட்டார், ஒலி போய்விட்டதா என்று. இல்லை, அங்கே இவ்வளவுதான் இருக்கிறது என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

புதன்கிழமை முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா பேசும்போது "நோ மோர் வார்" என்ற கோஷம் எழுந்தது. ஓரிகன் பிரதிநிதிகள் இருந்த பகுதியின் மேல் விளக்குகள் அணைந்தன. அவர்கள் கைப்பேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். வியாழக்கிழமை ஓய்வுபெற்ற ஜெனரல் ஜான் ஆலன் பேசியபோதும் அதே கோஷம். உடனே மற்றவர்கள் "யு.எஸ்.ஏ." என்று தொடங்கினார்கள். காதால் பிழைப்பவனுக்கு இதில் ஒன்று புரியும். நோ-மோர்-வார், மூன்று தட்டு. யு-எஸ்-ஏ, மூன்று தட்டு. ஹில்-ல-ரி, அதுவும் மூன்று தட்டு. தாளம் ஒன்றேயானதால் பெரிய கோஷம் சின்னதின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் கொறடாக்கள் வரிசை வரிசையாக நடந்து கையசைத்து அந்தப் பெரிய கோஷத்தை எழுப்பினார்கள். மேலே தொங்கிய என் மைக்குகளில் இரண்டும் சேர்ந்து ஒரே இரைச்சலாக வந்தது. கீழே நிருபரின் மைக்கில் மட்டும், பக்கத்தில் நின்ற நாலைந்து பேரின் "வார்" தனியாகக் கேட்டது. அந்த மைக்கைத் திறந்தே வைத்திருந்தேன்.

போர் வேண்டாம் என்ற அந்தக் கோரிக்கை எந்த வாக்கெடுப்பிலும் எண்ணப்படவில்லை. எண்ணப்பட்ட கோபம் செவ்வாய்க்கிழமையோடு பாதி தணிந்தது, எண்ணப்படாதது வியாழன்வரை ஓயவில்லை. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவில் கிளின்டன் சுமார் 44 ஆயிரம் வாக்குகளில் தோற்றதும், பிலடெல்பியாவில் கத்தியவர்கள் மேல் பழி வந்தது. அதை நான் ஏற்கவில்லை. அந்த ஆசிரியை ஊருக்குத் திரும்பி கிளின்டனுக்காக வீடு வீடாகப் போகப்போவதாக என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கத்தியவர்களால் கட்சிக்கு நன்மையும் விளைந்தது. முதல்கட்டத் தேர்தல் முடிவுக்குக் கட்டுப்படாமல் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கும் கட்சிப் பிரமுகர்களான சூப்பர் டெலிகேட்டுகளின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த மாநாட்டில் அவர்கள் போராடினார்கள். அங்கிருந்து ஒரு சீர்திருத்தக் குழு பிறந்தது. 2018 ஆகஸ்டில், போட்டி நிலவும் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு வாக்கு இல்லை என்று கட்சி முடிவெடுத்தது.

2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த அதே கட்சியின் மாநாட்டில் வேறொரு நிறுவனத்துக்காக மறுபடியும் வேலை செய்தேன். சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் வேட்பாளர். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வாக்கெடுப்பு அந்த மாதத் தொடக்கத்திலேயே இணையவழியில் முடிந்துவிட்டது. கமலா ஹாரிஸுக்கு 99 சதவீதம். அரங்கில் நடந்தது அதன் கொண்டாட்டம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பாட்டு. கேட்க மிக நன்றாக இருந்தது. ஆனால் காசாப் போரை எதிர்த்து, எந்த வேட்பாளருக்கும் உறுதியளிக்காதவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் முப்பது பிரதிநிதிகள் அதே அரங்கில் இருந்தார்கள். மிச்சிகனில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாக்கு அது. அவர்கள் கேட்டது ஒன்று: பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடங்கள். ஹமாஸ் பிடித்துச்சென்ற ஹெர்ஷ் கோல்ட்பெர்க் போலினின் பெற்றோர் புதன்கிழமை இரவு மேடையில் பேசினார்கள். அந்தத் தாயின் குரலை என் ஹெட்போனில் கேட்டு நானும் அழுதேன். பாலஸ்தீனப் பேச்சாளருக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது. அந்தப் பிரதிநிதிகள் அரங்கத்தின் வாசலில் தரையில் உட்கார்ந்து இரவை அங்கேயே கழித்தார்கள்.

வியாழக்கிழமை என் வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், கோல் மைக்கையும் சிறிய ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். யாரும் அனுப்பவில்லை. ஜார்ஜியாவின் சட்டமன்ற உறுப்பினர் ருவா ரோமன், மேடையில் பேச அனுமதி கிடைக்காத தன் உரையை அங்கே நின்று வாசித்தார். அரங்கத்துக்குள் பல ஆயிரம் வாட் ஒலிபெருக்கிகள் தொங்கின; இங்கே சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஹாரிஸைத் தேர்ந்தெடுக்க ஒன்றுபடுவோம், டிரம்ப்பைத் தோற்கடிப்போம் என்ற வேண்டுகோளும் அந்த உரையிலேயே இருந்தது. கோலை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, கை நடுங்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து முழுப் பதிவையும் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். இரவுச் செய்தியில் அதிலிருந்து இருபது விநாடி ஓடியது.